நிழலில் கட்டிய காப்பு

சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருப்பவள் ஆலங்கிணறு கூட்ஸ் ஷெட்டில் காளீஸ்வரி ஒருத்திதான். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் காக்கிச் சட்டை. மணிக்கட்டுப் பொத்தான்கூட மாட்டியிருக்கும். தகரக் கூரைக்குக் கீழே, நான்கு தண்ணீர்க் குடங்களுக்கும் ஓர் உப்புக் கரைசல் வாளிக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருப்பாள். சட்டைக்குள்ளே இடக்கையில் ஆறு, வலக்கையில் ஆறு, ஆகப் பன்னிரண்டு காப்புகள். அதில் ஒன்றுகூட அவளுடையது இல்லை.

அரசாங்கம் வைத்த பெயர் ‘வெப்பக் காப்பு’. ஒரே கோடையில் வெட்டவெளியில் வேலை செய்த ஏராளமானோர் சுருண்டு விழுந்த பிறகு, ஆறு வருடங்களுக்கு முன் வந்த சட்டம் அது. வெயிலில் சுமை தூக்கும் ஒவ்வொருவரும் கையில் ஒரு பட்டை கட்ட வேண்டும். அது தோலின் சூட்டையும் நாடித் துடிப்பையும் பார்த்து, உடம்புக்குள் எவ்வளவு கொதிக்கிறது என்று கணக்கிடும். முப்பத்தொன்பது டிகிரியைத் தொட்டால் சிவப்பாகி அலறும். அலறினால் அந்த ஆள் நாற்பது நிமிடம் நிழலில் உட்கார வேண்டும். பதிவெல்லாம் நேராகத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்விடும். யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் டாக்டரும் எடுத்துப் பார்க்கலாம்.

நல்ல சட்டம்தான். ஆனால் ரேக் என்கிற சரக்கு ரயில் வந்து நின்றால் ஒன்பது மணி நேரத்தில் காலியாக வேண்டும் என்ற பழைய விதியை யாரும் தொடவில்லை. பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு கேங்குக்கு மூன்று வேகன். ஆளுக்கு முந்நூற்றுச் சொச்சம் மூட்டை. சட்டப்படி உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தால் மூட்டை இறங்காது. இறங்காவிட்டால் அடுத்த ரேக்குக்கு மூட்டை இறக்கும் இயந்திரமான இரும்புக் கை வந்துவிடும். பக்கத்து ஜங்ஷனில் ஏற்கெனவே வந்துவிட்டது.

வழி சொன்னவர் லிங்கதுரை மேஸ்திரி. காப்பு என்று பெயர் வைத்தவர்களின் மனதில் பாதுகாப்பு இருந்திருக்கும். ஷெட்டில் இருந்தவர்களுக்கு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் கட்டும் காப்புதான் ஞாபகம் வந்தது.

“கொடைக்கு வீட்டுக்கு ஒரு ஆள் காப்புக் கட்டுனாப் போதும்லா? மத்தவன் கறி திங்கல்லியா, வெளியூருக்குப் போகல்லியா? அது மாதிரி கேங்குக்கு ஒரு ஆள் கட்டிக்கிட்டா என்ன?” என்றார் அவர்.

முதலில் பட்டையைக் குடத்தில் மாட்டிப் பார்த்தார்கள். துடிப்பு இல்லை என்று அலறியது. ஓர் ஆட்டுக்குட்டியின் காலில் மாட்டிப் பார்த்தார்கள். துடிப்பு அதிகம் என்று அதற்கும் அலறியது. கடைசியில் தண்ணீர் ஊற்றுகிற காளீஸ்வரியின் கையில் மாட்டினார்கள். பட்டை சாந்தமாகப் பச்சை காட்டியது. அது ஆளை அடையாளம் பார்க்காது; உயிர் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். அரசாங்கப் பதிவேட்டில் அவள் பதவிக்குப் பெயர் ‘நிழற்கூடப் பொறுப்பாளர்’. பொறுப்பு கொஞ்சம் கூடிவிட்டது, அவ்வளவுதான்.

“எக்காவுக்கு இப்பப் பன்னெண்டு உசுரு. எமன் வந்தாலும் எதைப் புடிக்கன்னு தெரியாம முழிப்பான்,” என்று முதலில் கேலி செய்தவன் பேச்சிராஜா.

“முழிச்சான்னா ஒன்னயக் கை காட்டி விட்டுருவேன்லே,” என்றாள் அவள்.

பேச்சிராஜாவுக்கு இருபத்தொன்பது வயது. கேங்கிலேயே வேகமான ஆள். மற்றவன் ஒரு நடை போய் வருவதற்குள் அவன் இரண்டாவது மூட்டைக்குத் தோள் கொடுத்திருப்பான். தாய் தகப்பன் இல்லை. தங்கை பவித்ராவைக் கட்டிக்கொடுத்துவிட்டான்; அவளும் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள்.

அந்தச் சித்திரையில் ஒரு நாள் யூரியா ரேக் வந்தது. முந்தின நாள் மழை வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டுப் போயிருந்ததால் காற்றில் ஈரம் நின்றது. வேர்வை வழிந்ததே தவிர காயவில்லை. ஒரு மணிக்கு மேல் பேச்சிராஜாவின் நடை மாறியதைக் காளீஸ்வரி பார்த்தாள். லாரிக்குப் போக வேண்டியவன் மூட்டையோடு தண்டவாளத்துப் பக்கம் திரும்பினான்.

“ஏலே, அங்க எங்க போற? பொண்ணு பாக்கவா?” என்று யாரோ கத்தினார்கள். நாலு பேர் சிரித்தார்கள்.

அவன் நின்று, அங்கே இல்லாத யாருக்கோ பதில் சொன்னான். மூட்டை நழுவியது. பிறகு அவன் விழுந்தான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. தொட்டவர்கள் கையை எடுத்துக்கொள்ளும் அளவுக்கு உடம்பு சுட்டது.

மேஸ்திரியும் மூன்று பேரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடி, லாரி கழுவும் தொட்டியில் கழுத்துவரை அமுக்கினார்கள். அவன் உயிரைப் பிடித்து வைத்தது அந்தத் தொட்டிதான் என்று பின்னால் டாக்டர் சொன்னார். அரை மணி நேரத்தில் உடம்பு ஆறிக் கண் திறந்தான். ஆம்புலன்ஸ் சத்தம் கேட் பக்கம் கேட்டபோது மேஸ்திரி காளீஸ்வரியிடம் ஓடி வந்தார்.

“அவன் காப்பு எதுட்டி?”

அவள் நம்பர் பார்த்து, இடக்கையில் மூன்றாவதைக் கழற்றிக் கொடுத்தாள். ஈரம் சொட்டும் அவன் கையில் அதை மாட்டினார்கள். அது பச்சையாகவே இருந்தது. ஆம்புலன்ஸில் வந்த பையன் பட்டையைத் தன் கருவியில் காட்டிப் பார்த்துவிட்டு, “காலைலேர்ந்து முப்பத்தேழுக்கு மேல ஏறவே இல்லையே. அப்ப வெயில் இல்ல,” என்று சொல்லியபடி எழுதிக்கொண்டான். அங்கே நின்ற பதினான்கு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. காளீஸ்வரியும்தான்.

முதல் நாள் பேச்சிராஜா தேறிவிட்டதுபோல்தான் இருந்தது. இட்லி கேட்டான். என்ன ஆனது என்று கேட்ட நர்ஸிடம், “ஒண்ணுமில்ல சிஸ்டர், லேசாத் தலை சுத்திட்டு,” என்றான். கேங்கைக் காட்டிக் கொடுக்கிற பழக்கம் அவனிடம் இல்லை. இரண்டாம் நாள் கண் மஞ்சளானது. மூன்றாம் நாள் காலையில் பவித்ராவைப் பார்த்து, “நீங்க யாரு?” என்று மரியாதையாகக் கேட்டான். மத்தியானத்துக்குள் நினைவு போய்விட்டது.

பவித்ராவின் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காளீஸ்வரியும் டாக்டரின் அறைக்குள் போனாள். டாக்டர் நஸ்ரின் கல்லீரல் பிரிவைப் பார்ப்பவர். ஐம்பதை நெருங்கும் வயது, மெதுவாகப் பேசும் பழக்கம்.

“உங்க அண்ணன் வீட்டுல எலி பேஸ்ட் இருக்காம்மா?”

“அது எல்லார் வீட்டுலயும் இருக்கும்லா டாக்டர்.”

“பிரிச்சதா, பிரிக்காததா?”

“பிரிச்சதுதான். எலி இருந்துச்சே.”

டாக்டர் தலையசைத்தார். “அவர் அதைச் சாப்பிட்டிருக்கார்னு நினைக்கிறோம். அதைச் சாப்பிட்டா முதல் நாள் ஒண்ணும் தெரியாது. இட்லிகூடக் கேட்பாங்க. ரெண்டு மூணு நாள்ல ஈரல் கெட்டுப் போகும். அப்படியே இருக்கு.” மேசைமேல் இருந்த திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். அதில் ஓடிக்கொண்டிருந்ததற்கு ‘முன்னறி’ என்று பெயர். ரத்தப் பரிசோதனை, காப்புப் பதிவு, ஊரின் பழைய நோய்க் குறிப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்து, இன்னது காரணம் என்று சொல்லும். “விஷம், நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு. வெயில், அரைகூட இல்ல.”

பவித்ரா திரையைப் பார்க்கவில்லை. “நாந்தான் காரணம்,” என்றாள். “ஒரு எடத்துல பொண்ணு பேசி முடிச்சேன். வேண்டாம்னுட்டான். அந்தக் கோவத்துல பத்து நாளா அவன்ட்டப் பேசல. வாசல்ல வந்து நிப்பான், கதவைச் சாத்துவேன்.”

“அதெல்லாம் இப்ப யோசிக்காதீங்க. உங்க ரத்தம் பொருந்துது. உங்க ஈரல்ல பாதிக்கு மேல வெட்டி எடுத்து அவருக்கு வைக்கணும். உங்களுக்கு மறுபடி வளரும். ஆனா கொடுக்கிறவங்களுக்கும் ஆபத்து உண்டு. ஆயிரத்துல நாலஞ்சு பேர் எந்திரிக்கிறதில்ல. அதைச் சொல்லாம நான் கையெழுத்து வாங்க மாட்டேன்.”

“எடுத்துக்கிடுங்க. எவ்வளவு வேணுமோ எடுத்துக்கிடுங்க.”

அவள் குரலில் அண்ணனைக் காப்பாற்றப் போகிறவளின் தைரியம் இல்லை. தண்டனையைச் சீக்கிரம் கொடுங்கள் என்று கேட்பவளின் அவசரம் இருந்தது. காளீஸ்வரி அதைக் கவனித்தாள்.

“டாக்டரம்மா, ஒருவேளை வெயிலா இருந்துதுன்னா?” என்று கேட்டாள்.

“வெயிலா இருந்தா வேற கதை. உடம்பு உள்ளுக்குள்ள கொதிச்சு ஈரல் வெந்து போறதும் உண்டு. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஆனா வெயில்ல வெந்த ஈரல் பல பேருக்குத் தானாவே திரும்பி வந்துடும், நாலாம் அஞ்சாம் நாள்ல. அப்பக் காத்திருக்கணும். விஷம்னா காத்திருக்கவே கூடாது. செய்ய வேண்டியது நேரெதிர்.” டாக்டர் திரையைத் தொட்டார். ஒரு பச்சைக் கோடு அசையாமல் ஓடியது. “ஆனா இவர் சூடு அன்னைக்கு ஏறவே இல்லையே. காப்பு சொல்லுதே.”

அறுவை மறுநாள் காலை ஏழு மணிக்கு என்று முடிவானது. காளீஸ்வரி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் லிங்கதுரை மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். மூன்று நாளாக அவரும் வீட்டுக்குப் போகவில்லை. கையில் பிரிக்காத பன் பாக்கெட் ஒன்று கசங்கிக் கிடந்தது. அதைக் குழந்தையிடம் நீட்டினார்.

“என்ன சொல்லுதாவ?”

“எலி பேஸ்ட்டுங்காவ.”

“யாரு சொன்னா?”

“மிஷின் சொல்லுதாம். நாளைக்குக் காலைல பவித்ரா ஈரலை அறுத்துக் கொடுக்கா.”

“கொடுத்தாப் பொழச்சிருவாம்லா?”

“அண்ணாச்சி, வெயில்னா வெட்டவே வேண்டாமாம். தானா வந்துருமாம்.”

“வந்துருமா, வரலாமா?”

“பல பேருக்கு வரும்ங்காவ.”

“பல பேருக்கு.” அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். “நீ வாயத் தொறந்தா நம்ம கேங்கோட போகாது. மூணாம் நம்பர் கேங்குக்கு ராமலச்சுமி கட்டியிருக்கா. அஞ்சாம் நம்பர் கேங்குக்கு அந்த நொண்டிக்கால் பெரியவர் கட்டியிருக்காரு. மொத்த ஷெட்டுக்கும் பூட்டு. அடுத்த ரேக்குக்கு இரும்புக் கை வந்து நிக்கும். ஒனக்குப் போலீஸ்காரன் வேற காப்பு மாட்டுவான்.”

“அந்தப் புள்ளைக்கு இது கைப்பிள்ளை அண்ணாச்சி.”

“பன்னெண்டு வீட்டுலயும் பிள்ளை இருக்குட்டி.”

அவர் கெட்டவர் இல்லை. பேச்சிராஜாவைத் தொட்டியில் அமுக்கிப் பிடித்தவர் அவர்தான். சுடுகிற வேகன் கதவில் ஊன்றி இறங்கியதில் அவருடைய உள்ளங்கைத் தோல் இன்னும் உரிந்து கிடந்தது. அவர் கேட் பக்கம் பார்த்தபடி சொன்னார்: “சொல்லாதன்னு நான் சொல்ல மாட்டேன். சொல்லுன்னும் என் வாயில வராது. நீ போ.”

காளீஸ்வரி குழந்தையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு மாடிப்படி ஏறினாள்.

டாக்டர் நஸ்ரின் தொலைபேசியில் அறுவை அரங்கத்தோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிக்கும்வரை நின்றிருந்த காளீஸ்வரி, சட்டைப் பொத்தான்களைக் கழற்றி இரண்டு கைகளையும் முழங்கைவரை சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து மேலே வரிசையாக வளையம் வளையமாகத் தோல் வெளிறிப் போயிருந்தது. ஒவ்வொரு வளையத்தின் ஓரத்திலும் வேர்க்குரு.

“இது என்ன?” என்றார் டாக்டர்.

“இதுல மூணாவதுதான் பேச்சிராஜா.”

அவள் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. “இதை நான் எப்படி நம்புறது?” என்றார் டாக்டர்.

“பொய் சொல்லி எனக்கு என்னம்மா கிடைக்கும்?”

“அந்தப் பொண்ணு மேல இருக்கிற பாசம். இந்த நாற்காலிக்கு முன்னாடி நின்னு கடைசி நேரத்துல பல பேர் பல பொய் சொல்லியிருக்காங்க. நீங்க சொல்றதைக் கேட்டு நான் காத்திருந்து, அது விஷமாவே இருந்துட்டா அவர் நாளைக்கழிச்சு இருக்க மாட்டார். புரியுதா?”

“புரியுது. அன்னைக்கு அவன் மேல கை வைக்க முடியலம்மா. அப்படிச் சுட்டுது.”

டாக்டர் திரையை இழுத்துக்கொண்டார். ஒருவர் காப்பை இன்னொருவர் காப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பது சட்டப்படி கூடாது. அது அவரவர் அந்தரங்கம். முன்னறியும் அப்படித்தான் செய்யப்பட்டிருந்தது. ஒவ்வொரு மனிதனையும் தனியாக வைத்துத்தான் அது பார்க்கும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் டாக்டர் தன் பொறுப்பில் கையெழுத்திட்டுத் திறக்கலாம். நஸ்ரின் கையெழுத்திட்டார். அந்தக் கேங்கின் பன்னிரண்டு பதிவுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் வந்தன.

அவர் முதலில் பார்த்தது சூட்டை இல்லை, துடிப்பை.

பன்னிரண்டு கோடுகளும் ஒரே கோடாக இருந்தன. காலை எட்டரைக்குக் காளீஸ்வரி குடம் தூக்கியபோது பன்னிரண்டும் ஒன்றாக ஏறின. பதினொன்றரைக்கு அவள் பழைய சோற்றைத் தின்றுவிட்டுக் கண்ணயர்ந்தபோது பன்னிரண்டும் ஒன்றாக இறங்கின. ஒன்று ஐம்பத்திரண்டுக்குப் பன்னிரண்டும் ஒரே நொடியில் எகிறி உச்சியில் நின்றன.

“இது என்ன நேரம்?” என்றார் டாக்டர்.

“அவன் விழுந்தது.”

“ரெண்டு இருபத்தஞ்சுக்கு ஒரு கோடு மட்டும் பிரிஞ்சு வேற வேகத்துல போகுது.”

“அப்பத்தான் கழத்தி அவன் கையில மாட்டினோம்.”

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். “மூட்டை தூக்குற மனுஷனுக்கு ஏன் சூடு ஏறலைன்னு நானும் கேக்கல, இதுவும் கேக்கல,” என்றார். “இது ஆறு வருஷமா இந்தக் காப்புகளைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டிருக்கு. எல்லா ஷெட்லயும் இப்படித்தானா?”

“மத்த ஊரு தெரியாது. நம்ம ஷெட்டுல எல்லாக் கேங்குலயும் உண்டு.”

“அப்ப இதுக்கு, சுமை தூக்கினா உடம்பு சுடாது. அதுதான் இதுக்குத் தெரிஞ்ச உலகம். வெயில்ல ஈரல் போகுற ஆளை இது ஒரு தடவைகூடப் பார்த்ததே இல்ல.” ஒரு தாளை எடுத்து நீட்டினார். “நீங்க சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடணும். நான் போலீசுக்கும் அனுப்பியாகணும். அது என் கையில இல்ல.”

“போடுதேன்.”

பவித்ராவுக்குக் காளீஸ்வரியே சொன்னாள். கேட்டதும் பவித்ரா அடிக்கவுமில்லை, திட்டவுமில்லை. வார்டு நடையில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அப்ப அவன் சாகணும்னு நெனைக்கலியா எக்கா?” என்று மூன்று முறை கேட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு யாரையும் அறுவை அரங்கத்துக்குக் கொண்டுபோகவில்லை. அன்று பேச்சிராஜாவின் நிலைமை இன்னும் மோசமானது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது ஆறைத் தொட்டது. பவித்ராவை ஆயத்தமாக, வெறும் வயிற்றோடே வைத்திருந்தார்கள். அவள் கணவன் வந்து காளீஸ்வரிக்கு எதிரே நின்றான். “நீங்க யாரு எங்க குடும்பத்துல முடிவு பண்ண? அவனுக்கு ஏதாவது ஆச்சு, ஒங்களச் சும்மா விட மாட்டேன்,” என்றான். டாக்டரிடம் சொன்னது உண்மை என்பது காளீஸ்வரிக்குத் தெரியும். உண்மையைச் சொன்னதாலேயே பேச்சிராஜா செத்துப் போகவும் கூடும் என்பதும் தெரியும். அன்று பகல் முழுவதும் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். நர்ஸ் கடக்கும்போதெல்லாம் எண்ணைக் கேட்டாள்.

“ஆறு.”

“இப்ப?”

“அதே ஆறுதான் அக்கா. உக்காருங்க.”

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு அந்த நர்ஸ் வேகமாக நடந்து வந்தாள். “நாலரை,” என்றாள். மாலையில் மூன்று. ஆறாம் நாள் பேச்சிராஜா கண்ணைத் திறந்து தங்கையை அடையாளம் கண்டுகொண்டான். “என்ன, பேசிட்டியா?” என்றான். பவித்ரா சிரித்துக்கொண்டே அழுதாள். அவளுடைய ஈரல் அவளிடமே இருந்தது.

ஷெட்டுக்குப் பூட்டு விழுந்தது, மேஸ்திரி சொன்ன மாதிரியே. பத்து நாளில் இரும்புக் கை வந்து இறங்கியது. லிங்கதுரை ஒரு செங்கல் சூளைக்குப் போய்விட்டார். காளீஸ்வரியைப் போலீஸ் மூன்று முறை கூப்பிட்டு விசாரித்து, வழக்கு எழுதி, அழைக்கும்போது வர வேண்டும் என்று அனுப்பியது. தெருக்குழாயில் அவள் குடம் வைத்தால் இரண்டு பேர் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். “வாங்க மகராசி, எல்லாருக்கும் நல்லா நிழல் கொடுத்தீங்க,” என்றாள் மூன்றாம் கேங்குக்குக் காப்புக் கட்டிய ராமலட்சுமி. காளீஸ்வரி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் டாக்டர் நஸ்ரின் அவளை வரச் சொன்னார். அறையில் வேறு யாரும் இல்லை.

“முன்னறி வந்த பிறகு, இந்த மாவட்டத்துல சுமை தூக்குறவங்க முப்பத்தொரு பேருக்கு ஈரல் போயிருக்கு. முப்பத்தொண்ணையும் இது விஷம்னுதான் சொல்லியிருக்கு. சில பேர் நிஜமாவே சாப்பிட்டிருக்கலாம். எத்தனைன்னு தெரியல. அனுமதி வாங்கி ஒவ்வொண்ணாப் பார்த்துக்கிட்டிருக்கேன்.” டாக்டர் ஒரு தாளை எடுத்தார், உடனே கொடுக்கவில்லை. “துடிப்புலயும் கையெழுத்து மாதிரி ஒண்ணு உண்டு காளீஸ்வரி. ஆளுக்கு ஆள் மாறும். ரெண்டு வருஷம் முன்னாடி, வைகாசியில, ஒருத்தர் காப்புல உங்க துடிப்பு இருக்கு.”

டாக்டர் நீட்டிய தாளில் பெயரைப் படித்ததும் காளீஸ்வரிக்கு ஆள் முகம் வந்துவிட்டது. அந்தோணிராஜ். சிமென்ட் ரேக் அன்று. தலைவலி என்று சொல்லிவிட்டுச் சாயங்காலம் நடந்தே வீட்டுக்குப் போனவன். நாலாம் நாள் வேறொரு ஆஸ்பத்திரியில் செத்துப் போனான். எலி பேஸ்ட் என்றார்கள். அடக்கத்துக்கு அவளும் போயிருந்தாள். கல்லறைத் தோட்டத்தில் நின்றபடி, “வீட்டுல என்ன சண்டையோ, அந்தப் பொம்பள என்ன சொன்னாளோ,” என்று பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தது இப்போது வார்த்தை மாறாமல் ஞாபகம் வந்தது.

“அரசாங்கக் கடிதம் போகும்,” என்றார் டாக்டர். “விசாரணை முடிய ஆறு மாசம், ஒரு வருஷம்கூட ஆகலாம்.”

“அதுவரைக்கும் அவன் பொஞ்சாதிக்குத் தெரியாதா?”



அந்தோணிராஜின் மனைவி ஜெபக்கனி புருஷன் வீட்டில் இல்லை. மாமியார் அடக்கம் முடிந்த எட்டாம் நாளே அவளை வெளியே அனுப்பிவிட்டிருந்தாள். சேந்தன்விளையில் பிறந்த வீட்டின் ஓர் ஓரத்தில், ஓட்டுச் சாய்ப்பில் மகளோடு இருந்தாள். பள்ளிக்கூடச் சத்துணவில் சமைக்கிற வேலை. காளீஸ்வரி போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. ஜெபக்கனி வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். காளீஸ்வரியின் முகத்தை மறந்திருந்தாள்.

காளீஸ்வரி நின்றபடியே சொன்னாள். வெயிலைப் பற்றி, பட்டையைப் பற்றி, திரை சொன்னதைப் பற்றி, பேச்சிராஜாவைப் பற்றி. ஜெபக்கனியின் கை கீரையை உருவுவதை நிறுத்தவில்லை. ஆனால் இலையும் காம்பும் சேர்ந்தே சுளகில் விழுந்தன.

“அவரு தின்னலியா?”

“தின்னலம்மா.”

“எல்லாரும் ஏங்கிட்ட என்ன சண்டை, என்ன சண்டைன்னு கேட்டாவ. சண்டையே இல்ல. இல்லன்னு சொன்னா மறைக்கேன்னாவ. கடைசியில நானே ஒரு சண்டையை யோசிச்சுக் கண்டுபிடிச்சேன். மீன் குழம்புல உப்புக் கூடிட்டுன்னு அவரு சொன்னதுக்கு நான் மொகத்தைத் திருப்பினேன்லா, அதுவா இருக்குமோன்னு.” அவள் சுளகைக் கீழே வைத்தாள். “அன்னைக்கு அவரு காப்பை யாரு கட்டியிருந்தா?”

சொல்லாமல் திரும்பிவிடலாம். டாக்டரின் தாளில் அந்தோணிராஜ் பெயர்தான் இருந்தது. துடிப்புக்குப் பெயர் எழுதியிருக்கவில்லை.

“நாந்தான்,” என்றாள் காளீஸ்வரி.

ஜெபக்கனி எழுந்தாள். அடிப்பாள் என்று காளீஸ்வரி நினைத்தாள். அடித்தால் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் நினைத்தாள். ஜெபக்கனி அடிக்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டாள்.

“ஸ்டெபி. ஏ ஸ்டெபி, இங்க வா.”

பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி கையில் பேனாவோடு வந்து நிலைக்கதவில் நின்றாள். அவள் தாயைப் பார்க்கவில்லை. நேராக வந்தவளைத்தான் பார்த்தாள். அவள் தாயோடு பேசி எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்பது அந்த நிற்பிலேயே தெரிந்தது.

“மறுபடியும் சொல்லுங்க,” என்றாள் ஜெபக்கனி. “மொதல்லேர்ந்து சொல்லுங்க. நான் சொன்னா இவ நம்ப மாட்டா.”



“ஒங்க அப்பா ஒண்ணும் திங்கல தாயி,” என்று ஆரம்பித்தாள் காளீஸ்வரி. “அன்னைக்குச் சிமென்ட் ரேக் வந்திருந்துச்சு...”